அவசரப்பட்டுக் கேட்ட சுயுஞ்சு

பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பாலர் பள்ளி நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் முதல் நாள் சிரிப்பு வரும். இரண்டாம் நாள் வயிறு எரியும். மூன்றாம் நாள் பழகிவிடும். சாரி-ஒருக் கிராமத்துக்கு அது பழகிப் பல மாதமாயிற்று. எல்லையில் பக்கத்து நாட்டோடு இரண்டாம் முறை சண்டை மூண்டபோது பள்ளிக்கூடத்தின் கூரை எரிந்து உள்ளே விழுந்துவிட்டது. முதல் சண்டையில் ஜன்னல் கண்ணாடிகள் மட்டும்தான் போயிருந்தன. அதற்கும் முன்னால் கொரோனா. ஊரில் இருக்கிற கேடெல்லாம் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்த இடம் இந்த ஒரு வகுப்புதான். எட்டாவது படித்தபோது வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். ஒன்பதாவதில் ஓடினார்கள். பதினோராவது தொடங்கிய மாதத்திலேயே மறுபடியும் ஓடினார்கள். பத்கென் நகரத்தில் உறவுக்காரர் வீடுகளிலும் விடுதித் தாழ்வாரங்களிலும் முடங்கிக் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அவர்களுக்கு மிஞ்சியது பாலர் பள்ளியில் ஓர் அறை.

காலையில் அது குழந்தைகளுக்கு. அவர்கள் பால்கஞ்சி குடித்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு பெரியவர்களுக்கு. மேஜைகளில் முயல் படம், அலமாரியில் வாத்துப் படம். கால் நீண்ட பையன்கள் உட்கார்ந்தால் முழங்கால் காது வரைக்கும் வந்துவிடும்.

"அக்கா, குழந்தைங்களை மத்தியானம் வீட்டுக்குப் போய்த் தூங்க விடறாங்கல்ல, எங்களுக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று வகுப்பின் வாயாடி இலியாஸ் வாரம் ஒரு முறையாவது கேட்பான்.

"நீ முழிச்சிருந்தா மட்டும் என்ன வித்தியாசம்?" என்பாள் அனார்கான்.

அவள்தான் அந்த அக்கா. ஊரில் பெண் வாத்தியார் எல்லோரும் அக்காதான். கணக்கு அவள் பாடம். இயற்பியல் வாத்தியார் குடும்பத்தோடு ஓஷ் நகரத்துக்குப் போய்விட்டதால் அதுவும் அவள் தலையில். வேதியியலும் அப்படியே. வேதியியல் அவளுக்குத் தெரியாது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இரண்டு தரப்பும் அதைப் பற்றிப் பேசாமல் கண்ணியமாக நடந்துகொண்டார்கள்.

அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறு. குளிர்காலம் பாதி கழிந்தபோது மாவட்டத்திலிருந்து ஒரு பேச்சு கசிந்தது. இந்த வகுப்புக்குப் பாடம் நடந்த நேரம் மிகவும் குறைவு, அதனால் ஜூன் மாதப் பள்ளி இறுதித் தேர்வில் இவர்களை உட்காரவிட மாட்டார்கள், இன்னொரு வருஷம் படிக்க வேண்டியிருக்கும் என்று. அன்றைக்கு யாராவது ஒரு பிள்ளை கத்தியிருந்தால், மேஜையைத் தட்டியிருந்தால், அனார்கான் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். படிப்பு ஏறாத பிள்ளையை வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிடலாம், அது அவளுக்குக் கைவந்த கலை. எதையுமே கேட்காத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கு எந்த ஆசிரியப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

அதிலும் குத்மான். ஊருக்கு மேலே ஓடுகிற வாய்க்காலில் தண்ணீர் ஏன் ஒரு கரையை மட்டும் தின்கிறது என்று பத்து வயதில் கேட்டுவிட்டு, பதில் கிடைக்கும் வரை அவள் வீட்டு வாசலை விட்டு நகராதவன். தண்ணீர்ப் பொறியியல் படிக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா ருஷ்யாவில் கட்டட வேலை செய்து முதுகை உடைத்துக்கொண்டு வந்து படுத்துவிட்டார். இப்போது மாமா ஜோல்தோஷ், வசந்தகால நௌரூஸ் பண்டிகை முடிந்த கையோடு அவனை அங்கே கூட்டிப்போவதாக ஏற்பாடு. கட்டட வேலைக்கென்று தடித்த கையுறை ஒரு ஜோடி வாங்கிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வருவான். வருவான், உட்காருவான், சொன்னதை எழுதுவான். கேள்வி மட்டும் வராது.

பண்டிகை முடிந்த அந்த வாரம், புதன்கிழமை மத்தியானம், மரிபாவிடமிருந்து போன் வந்தது. மரிபா, அனார்கானோடு கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவள், இப்போது மாவட்டக் கல்வி அலுவலகத்தில் வேலை. பாலர் பள்ளிக்குள் மணி அடிக்குமே தவிரப் பேச்சு கேட்காது. வெளியே குழாயடிக்கு ஓடி, ஈரக் கல்லின் மேல் ஏறி நின்றால்தான் கேட்கும்.

"அனார்கான், உன் புள்ளைங்க விஷயம் எங்க ஆபீஸ் தலைவர் மேஜைக்குப் போயிடுச்சு," என்றாள் மரிபா. "எல்லையோர ஊர்ங்கிறதால இந்த வருஷமே எழுத விட்டுடலாம்னு பேச்சு. தலையாட்டிட்டார்டி. நாளைக்கோ நாளன்னைக்கோ கையெழுத்து."

"தலையாட்டிட்டாரா? நீ பாத்தியா?"

"என் கண்ணால பாத்தேன்."

மரிபா சொன்னது ஒவ்வொரு சொல்லும் அனார்கானுக்குத் தெளிவாகக் கேட்டது. கையெழுத்து இன்னும் ஆகவில்லை என்பதும் கேட்டது. ஆனால் நல்ல சேதிக்கு இப்படிக் காய்ந்து கிடந்த மனுஷிக்குக் காது ஒன்று கேட்கும், கால் ஒன்று செய்யும். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதைதான். கல்லிலிருந்து குதித்தாள், சேற்றில் ஓடினாள், வகுப்புக் கதவைத் தள்ளித் திறந்து நின்று சொன்னாள்: "சுயுஞ்சு."

அந்தச் சொல்லை அந்த அறை கேட்டு எத்தனை காலமாயிற்றோ. பேரன் பிறந்தால், பட்டாளத்திலிருந்து மகன் திரும்பினால், தொலைந்த குதிரை கிடைத்தால், சேதியை முதலில் கொண்டு வருகிறவர் வாசலில் நின்று சுயுஞ்சு என்பார். கேட்கிறவர் அப்போது கையில் எது இருக்கிறதோ அதை முதலில் கொடுத்துவிட வேண்டும். பிறகுதான் சேதி. கிழவர்கள் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கொடுத்ததுண்டு. நல்லது நடந்த வீட்டில் கணக்குப் பார்க்கக் கூடாது.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் எழுந்தவள் பெரிசாத். எதற்கும் நேராகப் பேசுகிற பெண், அதனால் அத்தைமார்கள் எல்லோருக்கும் அவள்மேல் வருத்தம். முடியிலிருந்த கிளிப்பைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அப்புறம் ஒரு பேனா, பாதி வால்நட், ஒரு ஆப்பிள், சார்ஜ் தீர்ந்த போனின் உறை. இலியாஸ் பைகளையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "என்கிட்ட பசி மட்டும்தான் இருக்கு, எடுத்துக்குறீங்களா?" என்றான். பிறகு காதுக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலைக் கொடுத்தான்.

"ஜூன்ல எழுதறீங்க," என்றாள் அனார்கான். "எல்லாரோடயும். இந்த வருஷமே."

அப்போது எழுந்த சத்தத்தில் அலமாரிமேல் இருந்த பொம்மை லாரி கீழே விழுந்தது. குத்மான் மட்டும் உட்கார்ந்தே இருந்தான். முகத்தில் ரத்தம் ஏறுவது தெரிந்தது. எழுந்து வந்து, கோட்டுப் பையிலிருந்து கையுறை ஜோடியை எடுத்து, ஆப்பிளுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது புதுசு, அக்கா. ஒரு தடவைகூடப் போடலை. எனக்கு இனிமே வேண்டாம்."

அந்த நிமிஷத்தில் அனார்கானுக்கு உள்ளே ஏதோ ஒன்று சுருக்கென்றது. கையெழுத்து ஆகவில்லையே என்று. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சந்தோஷத்தின் நடுவில் 'ஆனால்' என்று வாயைத் திறக்க எவருக்குத்தான் மனசு வரும்?

வியாழக்கிழமைக்குள் சேதிக்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிட்டது. தலைநகரத்திலிருந்தே உத்தரவு வந்ததாக ஒரு வீட்டில், புதுப் பள்ளிக்கூடமே வருவதாக இன்னொரு வீட்டில். வகுப்பில் குத்மான் மூன்று கேள்வி கேட்டான். மூன்றாவதற்கு அனார்கானுக்குப் பதில் தெரியவில்லை. அவள் அந்த வருஷத்தில் பட்ட பெரிய சந்தோஷம் அதுதான். பாடம் முடிந்து வெளியே வந்தால், வாசலில் ஜோல்தோஷ் தன் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். ஊரில் நீளமான கார் அவனுடையது. பேச்சும் அப்படித்தான்.

"வாழ்த்துக்கள் டீச்சர். என் கார்ல ஒரு எடத்தைக் காலி பண்ணிட்டீங்க," என்றான். "பையன் வர மாட்டேங்கறான். படிச்சு வாய்க்கால் வெட்டப் போறானாம்."

"வெட்டட்டுமே. ஊருக்கு நல்லதுதானே."

"நல்லதுதான். என் அக்கா வீட்டு அடுப்பை நீங்க எரிய வைக்கிறதா இருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பறோம். அதுவரைக்கும் அந்த எடத்தை யாருக்கும் குடுக்க மாட்டேன். அதுக்கப்புறம் என்னைக் கேக்காதீங்க. மேஸ்திரி யாருக்காகவும் காத்திருக்க மாட்டான்."

வெள்ளிக்கிழமை காலையில் மரிபா மறுபடியும் கூப்பிட்டாள்.

"கையெழுத்துப் போடலை. சட்டத்துல இவ்வளவு நேரம் பாடம் நடந்திருக்கணும்னு இருக்கு, நேரம் குறையுது, நாளைக்கு என் கழுத்துக்கு வரும்னுட்டார். நீ யார்கிட்டயும் சொல்லலைல்ல?"

அனார்கான் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அனார்கான். சொல்லிட்டியா?"

"சுயுஞ்சு வாங்கிட்டேன்."

மரிபா அந்தப் பக்கத்தில் ஏதோ சொன்னாள், நல்ல வார்த்தை இல்லை. பிறகு, "என் தப்புதான், வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம," என்றாள். யார் தப்பாக இருந்தால் என்ன? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அதுவும் ஊரான் பிள்ளைகளின் வாய்.

அவள் புருஷன் மமத் தோட்டத்தில் ஆப்ரிகாட் மரங்களுக்குக் கிளை கழித்துக்கொண்டிருந்தான். மொட்டு விட்டிருந்தது. ஏணியின் மேலிருந்தே எல்லாவற்றையும் கேட்டான். அதிகம் பேசாத மனுஷன், பேசினால் யோசித்துப் பேசுகிறவன்.

"இன்னைக்கு என்ன கிழமை? வெள்ளி," என்றான். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு. ஜோல்தோஷ் போயிடுவான். பையன் இங்கயே இருப்பான். அதுக்கப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

"அது ஏமாத்தறது இல்லையா?"

"நல்லதுக்குத்தானே. அங்க போனா அவங்கப்பன் மாதிரி முதுகை உடைச்சுக்கிட்டு வருவான். அதைவிட இது ஒண்ணும் பாவம் இல்ல." ஒரு கிளையை வெட்டிப் போட்டான். "நம்பிக்கை குடுக்கணும், நம்பிக்கை குடுக்கணும்னு நீதானே சொல்லுவே. குடுத்திருக்கே. ரெண்டு நாள் விட்டு வையேன்."

அனார்கான் கீழே விழுந்த கிளைகளைப் பொறுக்கிக் கட்டினாள். மமத் சொன்னது தப்பில்லை என்று பட்டது. அதுதான் பயமாக இருந்தது. இரண்டு நாள். பேசாமல் இருந்தால் போதும், பேசாமல் இருப்பதற்குத் தனியாக ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. குத்மான் கேட்ட அந்த மூன்றாவது கேள்வி நினைவுக்கு வந்தது. அவன் போய்விட்டால் இனி அந்த அறையில் யார் அப்படிக் கேட்பார்கள்? அவனை அவளுக்குப் பிடிக்கும். மற்றப் பிள்ளைகளைவிடப் பிடிக்கும், வாத்தியாருக்கு அது கூடாது என்று தெரிந்தும் பிடிக்கும். அதனாலேயே இந்த யோசனை இவ்வளவு இனிக்கிறது என்பதும் அவளுக்குப் புரியாமல் இல்லை.

கட்டை இறுக்கி முடிச்சுப் போடும்போது ஒன்று தெளிந்தது. நம்பிக்கை கொடுப்பது வேறு, நம்ப வைத்துக் கட்டிப்போடுவது வேறு. இந்தப் பிள்ளைகளை இதுவரை ஓட வைத்தவர்கள், உட்கார வைத்தவர்கள், எவரும் இவர்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளும் அந்த வரிசையில் போய் நிற்பதா?

"போய்ச் சொல்லிடறேன்," என்றாள்.

"பையன் போயிடுவான்," என்றான் மமத்.

"போகட்டும்." கட்டைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

கிளிப், பேனா, வால்நட், உறை, பென்சில், கையுறை. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு அன்று மத்தியானம் வகுப்புக்கு எடுத்துப்போனாள். ஆப்பிளை மட்டும் வியாழக்கிழமையே தின்றுவிட்டிருந்தாள், அதற்குப் பதிலாக வீட்டிலிருந்து ஒன்று வைத்தாள். மேஜையில் முயல் படத்தின் மேல் பையைக் கொட்டியதும் பிள்ளைகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பொய்ச் சுயுஞ்சு வாங்கியவர் என்று ஒருவரைச் சொல்வது அந்தப் பக்கத்தில் லேசான ஏச்சு இல்லை. ஆனாலும் அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். தலைவர் தலையாட்டியது நிஜம், கையெழுத்து வரவில்லை, வரும் முன்பே ஓடி வந்தது தன் அவசரம், தன் தப்பு.

"நேரம் குறையுதாம். அதான் காரணம். அவங்கவங்க பொருளை எடுத்துக்கங்க."

யாரும் எடுக்கவில்லை. குத்மான் எழுந்தான். நேராக வந்து கையுறையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கதவை அடித்துச் சாத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

"குத்மான்," என்று கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடவில்லை. எந்த உரிமையில்?

பெரிசாத்தான் பேசினாள். "எவ்வளவு நேரம் குறையுதாம்?"

"நிறைய."

"நிறையன்னா?"

"சனி ஞாயிறு, லீவு எல்லாம் சேத்து நடத்தினாத்தான் ஜூனுக்குள்ள..." என்று தொடங்கிய அனார்கான் பாதியில் நிறுத்தினாள்.

"நடத்துங்க," என்றாள் பெரிசாத். "நேரம்தானே கேக்கறாங்க. எங்ககிட்ட நேரத்தை விட்டா வேற என்ன இருக்கு?"

"தோட்ட வேலை இருக்கு. உங்கம்மா விடுவாங்களா?"

"அம்மாவை நான் பாத்துக்கறேன். நீங்க தலைவரைப் பாருங்க." கிளிப்பை விரலால் அவள் பக்கம் தள்ளினாள். "இதைத் திருப்பி எல்லாம் வாங்க முடியாது. குடுத்தது குடுத்ததுதான். கூலி வாங்கியாச்சுல்ல, அக்கா? சேதியைக் கொண்டாங்க."

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்ன முழம் என்ன," என்றான் இலியாஸ். "ஞாயித்துக்கிழமையும் இந்த நாற்காலிதான்னா முழங்காலை மடிச்சு வீட்டுலயே வச்சுட்டு வரேன்."

குழாயடிக் கல்லில் நின்று அனார்கான் மரிபாவைக் கூப்பிட்டாள். சட்டத்தில் எந்தக் கிழமை நடத்த வேண்டும் என்று இல்லை என்றாள் மரிபா, தேடிப் பார்த்துவிட்டு. "ஆனா கையெழுத்துப் போடுவார்னு நான் சொல்லலை. கேட்டுக்கோ. நான் சொல்லலை. நேரத்தைக் காட்டினா மறுக்கறது கஷ்டம், அவ்வளவுதான். இந்தத் தடவையாவது யார் வாசல்லயும் போய் நிக்காதே."

சனிக்கிழமை முதல் கூடுதல் வகுப்பு. குத்மான் வரவில்லை. பாடம் முடிந்ததும் அனார்கான் அவன் வீட்டுக்குப் போனாள். அவன் அம்மா சலீமா முற்றத்துத் தந்தூர் அடுப்பிலிருந்து ரொட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் மாவு. இருவரும் ஒரே வயசு, ஒன்றாக வளர்ந்தவர்கள்.

"உள்ளதான் இருக்கான். கூப்பிட்டா வர மாட்டான்," என்றாள் சலீமா. "உன்மேல கோவிக்கணும்னு காலையிலருந்து பாக்கறேன். வரமாட்டேங்குது. புதன், வியாழன் ரெண்டு நாளும் வாய்க்காலைப் படம் போட்டுப் போட்டு அவங்கப்பாகிட்ட காட்டிக்கிட்டே இருந்தான். அவரும் படுத்தபடியே அங்க தப்பு, இங்க தப்புன்னு சொல்லிக்கிட்டு இருந்தார். எங்க வீட்டுல பேச்சு சத்தம் கேட்டே எவ்வளவு நாளாச்சு."

"நான் கேட்டிருக்கக் கூடாது சலீமா. கையெழுத்து வராம கேட்டிருக்கக் கூடாது."

"ஆமா, கூடாது." சூடான ரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அழகாக வந்திருந்த ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தாள். அது எதற்கென்று அனார்கான் கேட்கவில்லை. தூரம் போகிறவன் வாசலில் நின்று ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போக வேண்டும். மீதியைச் சுவரில் மாட்டி வைப்பார்கள், அவன் திரும்பி வந்து தின்ன. அந்தத் தெருவில் எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் ஒரு ரொட்டி காய்ந்து தொங்கிக்கொண்டிருக்கும்.

சலீமா அவளைச் சாப்பிடச் சொன்னாள். அனார்கான் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். மூடிய கதவைப் பார்த்து, "குத்மான், நாளைக்குக் காலையிலயும் வகுப்பு இருக்கு," என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்ததால், அதோடு கிளம்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. ருஷ்யாவுக்குப் போகிறவர்கள் பிடிக்கும் ஓஷ் சாலை பாலர் பள்ளி வாசலை ஒட்டித்தான் போகிறது. வேறு வழி இல்லை. பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். இரண்டு பேர் தோட்டத்து மண்ணோடு வந்திருந்தார்கள். அனார்கான் பலகைக்கு முன்னால் நின்று கால்வாயின் சரிவுக்கு முக்கோணம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பாடத்தை ஏன் அன்றைக்கு எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஜோல்தோஷின் கார் வருகிற சத்தம் தூரத்திலேயே கேட்டது. ஊரை விட்டுப் போகிறவர்கள் வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போவார்கள். வாசலில் நீளமாக ஒரு தடவை அடித்தது. நிற்கவில்லை. சத்தம் தேய்ந்து, வளைவைத் தாண்டி, இல்லாமல் போயிற்று.

"போயிட்டாங்க," என்றான் இலியாஸ். எப்போதும் எதையாவது சேர்த்துச் சொல்கிறவன், அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டான்.

அனார்கான் பலகைப் பக்கம் திரும்பி மறுபடியும் எழுதத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் நின்றதால் கோடு சரியாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் எழுத முடியுமோ அவ்வளவு நேரம் எழுதினாள்.

பின்னால் கதவு திறந்தது. குத்மான் நின்றுகொண்டிருந்தான். காலணியெல்லாம் சேறு, தலை கலைந்து கிடந்தது.

"கார்ல எடம் இல்லையா?" என்றான் இலியாஸ்.

"இருந்துச்சு."

அனார்கானுக்கு ஓடிப்போய் அவன் தலையைப் பிடித்து முத்தமிட வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதில் சுண்ணாம்புக் கட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும், இந்தத் தடவை சந்தோஷத்துக்கு முன்னால்.

"குத்மான், இங்க பாரு. கையெழுத்து வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. இத்தனை நாள் வந்து உக்காந்தும் வராம போகலாம். அதை நம்பி நீ இருந்துட்டா..."

"அதை நம்பி இல்ல." வாசலை விட்டு அவன் நகரவில்லை. "அம்மா ரொட்டியை நீட்டினாங்க. கடிக்க வாய் வரலை. ரொம்ப நேரம் நீட்டிக்கிட்டே நின்னாங்க. மாமா ஹாரன் அடிக்கறார். எனக்கு வாய் வரலை." காலணிச் சேற்றை வாசற்படியில் தேய்த்தான். "உங்கமேல கோவமாத்தான் இருக்கேன், அக்கா."

"இருக்கணும்."

"ரெண்டு வருஷமா எதையும் எதிர்பார்க்காம நிம்மதியா இருந்தேன். நல்லாப் பழகியிருந்துச்சு. என்ன நடந்தாலும் சரின்னு இருந்துச்சு. நீங்க வந்து ரெண்டே நாள்ல கெடுத்துட்டீங்க. வெள்ளிக்கிழமையிலருந்து பழையபடி ஆயிடணும்னு பாக்கறேன். ஆக முடியலை."

யாரும் சிரிக்கவில்லை. முழங்கால்களைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அனார்கானுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. சும்மா கிடந்த பிள்ளைகள் இவர்கள். வலிக்காமல் கிடந்தார்கள். இனிமேல் வலிக்கும். கையெழுத்து வராமல் போனால் இவர்களுக்கு எவ்வளவு வலிக்கும்?

"மன்னிச்சிடுப்பா," என்றாள். அந்த ஊரில் ஒரு வாத்தியார் பிள்ளையிடம் வகுப்புக்கு நடுவில் அப்படிச் சொல்லி எவரும் கேட்டதில்லை.

குத்மான் தலையைக் குனிந்துகொண்டான். கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டான். உட்காரப் போனவன் பலகையைப் பார்த்துவிட்டு நின்றான்.

"அந்த முக்கோணம் தப்பு," என்றான்.

"எது?"

"அப்படி இருந்தா தண்ணி மேல ஏறும்."

அனார்கான் திரும்பிப் பார்த்தாள். தப்புதான். சுண்ணாம்புக் கட்டியை அவனிடம் நீட்டிவிட்டு, காலியாகக் கிடந்த அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அது மிகவும் சின்னது.